கெட்டிக்காரப் பிள்ளைகளின் சனிக்கிழமை வகுப்பு

நான் முட்டாள் என்பது எனக்கு முன்பே தெரியும். வீட்டிலும் அதை அடிக்கடி நினைவுபடுத்துவார்கள். ஆனால் எங்கள் கட்டடத்தின் லிஃப்ட் கீழ்த்தளத்திலிருந்து இரண்டாம் மாடிக்குப் போவதற்குள் ஒரு பொய்யைப் பெற்று, குளிப்பாட்டி, பவுடர் பூசி, இரண்டாம் மாடிப் பெண்மணியின் கையில் தூக்கிக் கொடுக்கும் அளவுக்கு முட்டாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. யாரும் என்னை மிரட்டவில்லை. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அண்ணை, சனிக்கிழமையில உங்கட வீட்ட ஒரு டீச்சர் வாறா என்ன? ஆர் அவ?"

இதற்குச் சரியான பதில் மிகவும் சின்னது. மகளுக்கு வாசிக்கக் கஷ்டம், பள்ளிக்கூடத்திலிருந்து உதவிக்கு வருகிறார். அவ்வளவுதான். சொல்லி முடிக்க முதலாம் மாடியே போதும்.

நான் சொன்னது இது: "ஓ, அவவே? அவ எல்லாப் பிள்ளையளையும் எடுக்கமாட்டா. கெட்டிக்காரப் பிள்ளையளாப் பார்த்து ஸ்கூலே தெரிவு செய்து அனுப்புது. ஸ்பெஷல் புரோகிராம்."

லிஃப்ட் கதவு திறந்தது. அவருடைய கண்ணும் திறந்தது. நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டே நான்காம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிழமை நாட்களில் நான் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சனி, ஞாயிறு பின்னேரங்களில் வெள்ளவத்தைப் பக்கத்துக் கலியாண மண்டபங்களில் அறிவிப்பாளன். மாப்பிள்ளையின் அப்பாவையும் பெண்ணின் அம்மாவையும் ஒரே வசனத்தில் சிரிக்க வைக்கத் தெரிந்தவன் என்று பெயர். மைக்கைக் கீழே வைத்த பிறகும் வாய் மைக்குக்கு முன்னால் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். அதுதான் என் வியாதி.

எனக்கு ஒரே மகள். ஆறாம் வகுப்பு. கதைத்தால் நாள் முழுக்கக் கதைப்பாள். என் கலியாணப் பகிடிகளை என்னைவிட நன்றாகச் சொல்லுவாள். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் அவள் வேறு பிள்ளை. 'கா'வில் ஏறி 'கை'யில் தடுக்கி, அடுத்த சொல்லைப் படத்தைப் பார்த்து ஊகிப்பாள்.

அவள் எழுத்துப் பழக வேண்டிய காலத்தில் பள்ளிக்கூடம் என் கைத்தொலைபேசிக்குள் இருந்தது. ஊரடங்கு. சின்னத் திரையில் ஒரு டீச்சர், சின்னச் சின்னப் பெட்டிகளில் மற்றப் பிள்ளைகள். மகள் அதற்கு முன்னால் உட்காருவாள். ஃபோனுக்குப் பின்னால் நான் உட்காருவேன். டீச்சர் அவளை வாசிக்கச் சொன்னால் நான் இரகசியமாக ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுப்பேன். அவள் அதைக் கேட்டு, மணி மணியாகத் திருப்பிச் சொல்லுவாள். "வெரி குட்!" என்று டீச்சர் சொல்லும்போது நாங்கள் இரண்டு பேரும் கட்டைவிரலை உயர்த்திக்கொள்வோம். எனக்கு அது விளையாட்டு. அவளுக்கு அதுதான் வாசிப்பு என்று பட்டிருக்கிறது.

வாசிக்கத் தெரியாமலே ஒரு பிள்ளை ஆறாம் வகுப்பு வரைக்கும் வர முடியுமா என்று கேட்காதீர்கள். நல்ல காதும், நல்ல ஞாபகமும், பகிடி விடத் தெரிந்த வாயும் இருந்தால் வரலாம். நானும் அப்படித்தான் பதவி உயர்வு வாங்கினேன்.

ஆறாம் வகுப்பு டீச்சரிடம் அந்த வித்தை எடுபடவில்லை. இரண்டாம் கிழமையே என்னையும் மனைவியையும் கூப்பிட்டார். கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிறவர், முப்பது வயது இருக்கும், மெதுவாகக் கதைப்பவர். பள்ளிக்கூடத்தில் நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து, பின்தங்கிய பிள்ளைகளின் வீட்டுக்கே போய்ச் சனிக்கிழமைகளில் ஒரு மணித்தியாலம் உதவுகிறார்கள் என்றார். காசு கிடையாது.

"வகுப்பில எல்லாருக்கும் முன்னால வாசிக்கச் சொன்னா அவ பயப்படுறா," என்றார். "வீட்டில, அவட இடத்தில எண்டா பயம் இல்லைத்தானே. நான் வந்து அவவோட மட்டும் இருந்து வாசிக்கிறேன்."

"டீச்சர், வந்தா ரோல்ஸ் கட்டாயம் சாப்பிட வேணும்," என்றேன் நான். மனைவி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

அவர் வந்த முதல் சனிக்கிழமை புத்தகமே கொண்டு வரவில்லை. எங்கள் குசினிக்குள் போய் பிஸ்கட் பைக்கற், சவர்க்காரப் பெட்டி, தேயிலைப் பைக்கற் எல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் அடுக்கினார். கெட்டியான காகிதத் துண்டு ஒன்றில் சின்ன ஜன்னல் வெட்டியிருந்தார். அதை எழுத்துக்கு மேலே வைத்தால் ஒரு சொல் மட்டும் தெரியும். முதலில் அவர் வாசிப்பார். வேண்டுமென்றே பிழையாக வாசிப்பார்.

"டீச்சர், பிழை!" என்று மகள் கத்துவாள்.

"அப்பிடியா? எங்க, காட்டுங்க பாப்பம்."

அவள் விரலை வைத்துக் காட்டுவாள். பிறகு அவள் வாசிப்பாள். பிழை விடுவாள். டீச்சர் ஒன்றும் சொல்லமாட்டார். முகத்தில்கூட ஒன்றும் தெரியாது. சும்மா இருப்பார். கொஞ்ச நேரத்தில் மகளே "ம்ஹூம்" என்று திரும்பிப் போய், திருத்தி வாசிப்பாள். மனிதர் ஒருவர் இவ்வளவு நேரம் ஒன்றும் சொல்லாமல் இருக்க முடியும் என்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை. என் வீட்டில் அப்படி ஒரு ஆள் இருக்கவில்லை.

இரண்டு மாதம் இருக்கும். கடைகள் நெருங்கிய காலி வீதியில் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு போகிறோம். மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, தனக்குள் முணுமுணுத்து, திடீரென்று "பு-ட-வை-ய-கம்" என்றாள். பிறகு, "அப்பா, புடவையகம்!" கடைப் பெயர்ப் பலகையில் படம் எதுவும் இல்லை. ஊகிக்க ஒன்றும் இல்லை. அவள் எழுத்தைப் பார்த்து வாசித்தாள். மனைவி கண்ணைத் துடைக்கக் கைப்பைக்குள் லேஞ்சியைத் தேடினாள். நான் அடுத்த கடையைக் காட்டி, "அது என்ன?" என்று கேட்டுக் கேட்டுத் தெகிவளை வரைக்கும் அவளை விடவில்லை. பின்னால் இருந்த ஒருவர் எரிச்சலோடு என்னைப் பார்த்தார்.

நான் லிஃப்டுக்குள் அந்தப் பொய்யைச் சொன்னது அதற்கு அடுத்த கிழமை.

ஏன் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். எங்கள் கட்டடத்தில் எந்தப் பிள்ளை எந்த டியூஷனுக்குப் போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். கணிதத்துக்கு ஒரு சேர், ஆங்கிலத்துக்கு ஒரு மிஸ், விஞ்ஞானத்துக்கு இடம் கிடைக்க வரிசை. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் கூடுதலாக டியூஷனுக்குப் போகும் ஊர் இது. வாசிக்க வராத பிள்ளைக்கு டீச்சர் வருகிறார் என்று சொல்வதற்கு இங்கே ஒரு வசனம் கிடையாது. எனக்கு அது வாயில் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை பெல் அடித்தது. இரண்டாம் மாடிப் பெண்மணி, கையில் ஒரு பாத்திரம் வட்டிலப்பம், பக்கத்தில் அவருடைய மகள். என் மகளின் வயதுதான். இரட்டைப் பின்னல், கண்ணாடி, முதுகில் பெரிய பை.

"அண்ணை, இவவும் ஒரு பக்கத்தில இருக்கட்டன். சத்தம் போடமாட்டா. டீச்சர் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டு இருப்பா."

சமையல் காஸ் கிடைக்காத காலத்தில் இவர்கள் வீட்டு மின்சார அடுப்பில்தான் எங்களுக்கும் சோறு வெந்தது. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? "அதுக்கென்ன, வாங்கோ வாங்கோ," என்றேன்.

டீச்சர் வந்து, மேசையில் இரண்டு பிள்ளைகளைக் கண்டு, என்னைப் பார்த்தார். நான் அவரை பல்கனிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

"மகளுக்கும் ஒரு கம்பனியா இருக்கும் டீச்சர்."

"மகளுக்கு வாசிக்கக் கஷ்டம் எண்டு அவங்களுக்குத் தெரியும்தானே?"

"ஐயோ, இல்லை டீச்சர். தயவுசெய்து சொல்லிப்போடாதேங்கோ. நான் கொஞ்சம்... மாத்திச் சொல்லிப்போட்டன்."

கீழே கடலோரத் தண்டவாளத்தில் ரயில் போனது. அந்தச் சத்தம் முடிந்ததும் அவர் மேசைக்குத் திரும்பிப் போனார்.

அன்றைக்குக் காகித ஜன்னல் வெளியில் வரவில்லை. பிஸ்கட் பைக்கற்றும் வரவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகளின் ஸ்பெஷல் வகுப்பில் சவர்க்காரப் பெட்டியை எழுத்துக்கூட்டி வாசிக்க முடியுமா? டீச்சர் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கதை சொன்னார், கேள்வி கேட்டார். இரட்டைப் பின்னல் எல்லாவற்றுக்கும் கையை உயர்த்தியது. என் மகள் மேசைத் துணியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு கிழமையில் ஐந்தாம் மாடியிலிருந்து ஒரு பையன் வந்தான். பிறகு அடுத்த லேனிலிருந்து இன்னும் ஒரு பிள்ளை. இந்த இடத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டு சொல்ல வேண்டியது என்னவென்றால், எனக்கு அது பிடித்திருந்தது. பிள்ளைகள் உட்காரப் பிளாஸ்டிக் கதிரைகள் வாங்கினேன். சுவரில் வெள்ளைப் பலகை ஒன்றை நானே ஆணி அடித்து மாட்டினேன். கதவில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் கலியாண விருந்தாளி மாதிரி வரவேற்றேன். ரோல்ஸ், பற்றிஸ், மைலோ. வாசல் காவல்காரர்கூட என்னைக் கண்டால் "டீச்சர் ஆவா, மாத்தயா" என்று சிங்களத்தில் மரியாதையாகச் சொல்லுவார். டீச்சர் வந்துவிட்டார் என்ற அந்த அறிவிப்பைக் கேட்க எனக்கு ஒரு பெருமை.

"என்னப்பா செய்யுறீங்கள்?" என்று மனைவி கேட்டாள். "இது எங்கட பிள்ளைக்கு வந்த டீச்சர்."

"பிள்ளையும் இருக்கிறாதானே."

"இருக்கிறா. தட்டு எடுத்துக் குடுத்துக்கொண்டு நிக்கிறா."

உண்மைதான். வகுப்பு நடக்கும்போது மகள் அடிக்கடி எழும்பித் தண்ணீர் கொண்டுவருவாள், மைலோ கப்புகளைப் பொறுக்குவாள். நல்ல பழக்கமுள்ள பிள்ளை என்று மற்றத் தாய்மார் புகழ்ந்தார்கள். மேசையில் உட்காராமல் இருக்க அவள் கண்டுபிடித்த வழி அது என்று எனக்கு விளங்கவில்லை.

டீச்சர் ஒரு நாள் போகும்போது லிஃப்டுக்கு முன்னால் நின்று சொன்னார். "மகளை வாசிக்கச் சொல்ல எனக்கு ஏலாம இருக்கு. மத்தவங்களுக்கு முன்னால அவவுக்கு வெட்கமாப் போயிடும். சொல்லாம விட்டா நான் வந்து என்ன பிரயோசனம்? ஒரு முடிவு எடுங்க."

நான் எடுத்த முடிவைக் கேளுங்கள்.

மற்றப் பிள்ளைகளை நிறுத்துவதற்குப் பதிலாக, மகளைத் தயார்ப்படுத்தினேன். வாசிப்புப் புத்தகத்தில் ஒரு ஆமையைப் பற்றிய பாடம் இருந்தது. அந்தக் கிழமை முழுக்கப் பின்னேரங்களில் நான் வாசித்தேன், அவள் திருப்பிச் சொன்னாள். எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே குரலை ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் பழக்கினேன். அறிவிப்பாளன் அல்லவா! வியாழக்கிழமைக்கே பாடம் தண்ணீர் மாதிரி வந்தது. "இனி ஒருத்தரும் ஒண்டும் கேக்கேலாது," என்று கட்டைவிரலை உயர்த்தினேன். அவள் தன் கட்டைவிரலை உயர்த்தினாள். ஆனால் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை நானே டீச்சரிடம், "இண்டைக்கு மகள் ஆமைப் பாடத்தை வாசிக்கப் போறாவாம்," என்றேன். டீச்சரின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அவர் என்னை நம்பினார்.

மகள் எழுந்து நின்றாள். புத்தகத்தை விரித்தாள். தொடங்கினாள். என்ன அழகு! குரல் ஏறி இறங்கியது. ஆமை குளத்தில் இறங்கும்போது குரலும் இறங்கியது. ஐந்தாம் மாடிப் பையன் வாயைத் திறந்து பார்த்தான். நான் குசினி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

இரட்டைப் பின்னல் பக்கத்துக் கதிரையில் இருந்து எட்டிப் பார்த்தது. அந்தப் பிள்ளை கெட்ட பிள்ளை அல்ல. உதவி செய்யத்தான் பார்த்தது. தன் விரலை என் மகளின் புத்தகத்தில் வைத்து, "இது ஆமை இல்லை. இது மழையைப் பற்றின பாடம். நீங்கள் பிழையான பக்கத்தைப் பிடிச்சிருக்கிறீங்கள்," என்றது.

மகளின் குரல் நின்றது. அவள் பக்கத்தைப் பார்த்தாள். அது ஆமையா மழையா என்று பார்த்து அறிய அவளுக்கு நேரம் வேண்டும், அந்த நேரம் அப்போது கிடைக்காது. அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். ஃபோனுக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கச் சொல்லி.

நான் எடுத்துக் கொடுத்தது ஒரு பகிடி.

"பக்கம் என்னத்துக்கு? அவ அப்பா மாதிரி. பேப்பரைப் பார்க்காமலே வாசிக்கிற ஆள்!"

பிள்ளைகள் சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள். எந்தக் கலியாண மண்டபத்திலும் அப்படி ஒரு சரியான நேரத்தில் எனக்குச் சிரிப்பு விழுந்ததில்லை.

மகள் புத்தகத்தை மூடி, மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். டீச்சர் பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொன்னார். ரோல்ஸ் தட்டு அப்படியே இருந்தது. அவர் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் இருந்தார்.

எழும்பி வந்து என்னிடம் சொன்னார்: "நான் கோவத்தில சொல்லல்ல. இந்த வேலைக்கு ரெண்டு பேர்தான் வேணும். பிழை விட ஒரு ஆள். அதைக் கேட்டுட்டுப் பேசாம இருக்க ஒரு ஆள். இங்க இப்ப அந்த ரெண்டு பேருக்கும் இடம் இல்ல."

"டீச்சர், எல்லாப் பிள்ளையளையும் நிப்பாட்டுறன். இண்டைக்கே. பலகையையும் கழட்டுறன். அடுத்த கிழமை வாங்கோ."

"அவங்களை நிப்பாட்டலாம். மகள் என்னோட வாசிப்பாவா எண்டு கேளுங்க. அவ ஓம் எண்டா வாறேன்."

நான் கதவடியில் போய்க் கேட்டேன். "செல்லம், டீச்சர் மட்டும் வந்தா? வேற ஒருத்தரும் இல்லாம?"

"வேண்டாம்."

"ஏனம்மா?"

"டீச்சருக்கும் நான் பொய்யா வாசிச்சனான்."

அதற்கு மேல் நான் என்ன சொன்னாலும் அந்த ஒரு சொல்தான் திரும்பி வந்தது. வேண்டாம். மூன்று சனிக்கிழமை டீச்சர் ஃபோன் எடுத்துக் கேட்டார். மூன்று முறையும் அதே பதில். பிறகு அந்த நேரத்தைத் தெமட்டகொடையில் காத்திருந்த இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். கொடுக்கத்தான் வேண்டும். அந்தப் பிள்ளையின் தகப்பன் என்னைப் போல் பகிடிக்காரனாக இருக்கக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

இரண்டாம் மாடிப் பெண்மணியிடம் போய் உண்மையைச் சொன்னேன். பெரிய நாடகம் நடக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, "அதுக்கென்ன அண்ணை, என்ர மூத்தவனும் எட்டாம் வகுப்பு வரைக்கும் அப்பிடித்தான்," என்றார். அவ்வளவுதான். எந்த ஊரின் வாய்க்குப் பயந்து நான் இவ்வளவும் செய்தேனோ, அந்த ஊர் வெண்டைக்காயில் இருந்து நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இப்போது மனைவி வேலையால் வந்து, பின்னேரத்தில் மகளோடு அறைக்குள் அரை மணித்தியாலம் உட்காருகிறாள். பயிற்சி பெற்ற டீச்சர் அல்ல. வங்கியில் நாள் முழுக்க நின்று களைத்து வருகிறவள். காகித ஜன்னல் ஒன்று அவளும் வெட்டியிருக்கிறாள், கொஞ்சம் கோணல். முன்பு இரண்டு மாதத்தில் வந்த தூரத்தை இப்போது ஒரு வருடமாகியும் எட்டவில்லை. மகள் இப்போதெல்லாம் பஸ்ஸில் கடைப் பெயர்களை வாசிப்பதில்லை. வாசிக்கிறாளோ என்னவோ, சத்தமாக இல்லை.

போன கிழமை நான் வேலையால் வரும்போது அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே அவளுடைய குரல், ஒரு சொல், நீண்ட இடைவெளி, இன்னொரு சொல். ஏற்ற இறக்கம் ஒன்றும் இல்லை. ஒரு இடத்தில் பிழை விட்டாள். திரும்பிப் போனாள். நான் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் நின்றேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றது அதுதான் முதல் தடவை.

குரல் நின்றது. கதவு இடுக்கால் அவள் என்னைக் கண்டுவிட்டாள். கோபம் இல்லை. வெயில் அடிக்கிறது, ஜன்னலைச் சாத்துங்கள் என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

"அப்பா, நீங்கள் அங்கால போங்கோ. நீங்கள் நிண்டா எனக்கு எழுத்துத் தெரியுதில்லை."